அழுந்துவது சுருள், முறுக்கப்படுவது கம்பி

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் விசையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பால் பேனாவைக் கழற்றி, அதிலிருந்த ஸ்பிரிங்கை இரு விரல்களுக்கு இடையில் வைத்து அழுத்திக் காட்டினேன். "இரும்பும் ஒருவகையில் ரப்பர் மாதிரிதான். அழுத்தினால் அழுந்தும், விட்டால் பழையபடி நிமிரும்" என்றேன். பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்த வாக்கியம் அது.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவன் அப்பா இருசக்கர வாகனம் பழுதுபார்ப்பவர். "டீச்சர், கம்பி எங்க அழுந்துது? கம்பி அப்படியேதானே இருக்கு. நடுவுல இருக்கிற சந்துதானே குறையுது. அப்ப நாம குடுத்த விசை எங்க போகுது?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அதெல்லாம் மேல் வகுப்பில் வரும், உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அவன் உட்கார்ந்தான். அந்த வாரம் முழுவதும் வேறு எதையும் கேட்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. அந்த உறுத்தலில் தேடிப் படித்தவற்றையும், பிறகு வகுப்பில் செய்து பார்த்தவற்றையும் ஆசிரிய நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மூன்று வகைச் சுருள்வில்கள்

பாடநூலில் சுருள்வில் என்கிறோம், மாணவர்கள் ஸ்பிரிங் என்கிறார்கள். இரண்டும் ஒன்றே. ஆனால் எல்லாச் சுருள்வில்லும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் இருப்பது இழுவைச் சுருள்வில். அதன் சுற்றுகள் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும், இரு முனைகளிலும் கொக்கி இருக்கும். துணி காயப்போடும் கிளிப்பில் இருப்பது திருகு சுருள்வில். அதன் இரண்டு கைகளும் சுற்றுகளின் அச்சைச் சுற்றித் திரும்பும்.

மூன்றாவது வகை அழுத்தச் சுருள்வில். இதன் சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும், கொக்கி இருக்காது. பேனா, டார்ச் லைட்டில் பேட்டரியைத் தாங்கும் கூம்பு வடிவ ஸ்பிரிங், சைக்கிள் சீட்டின் அடிப்பகுதி, இருசக்கர வாகனத்தின் பின்பக்க ஷாக் அப்சார்பர், ரயில் பெட்டியின் அடிப்பகுதி என்று எங்கும் இருப்பது இதுதான். தொடக்க வகுப்புகளில் இந்த மூன்று வகையையும் சேகரித்து, கொக்கி இருக்கிறதா, இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கச் சொல்வதே நல்ல செயல்பாடு. விதிகள் பிறகு வரட்டும்.

விசை எங்கே போகிறது?

மாணவன் சொன்னது சரி. அழுத்தச் சுருள்வில்லை அழுத்தும்போது கம்பியின் நீளம் கண்ணுக்குத் தெரியும்படி குறைவதில்லை. கம்பி வேறு ஒரு மாற்றத்துக்கு உள்ளாகிறது. அது தன் நீளம் முழுவதும் முறுக்கப்படுகிறது. ஈரத்துணியைப் பிழியும்போது துணிக்கு நேர்வது கம்பிக்குள் மிகச் சிறிய அளவில் நேர்கிறது. (முறுக்கு என்றதும் வகுப்பில் தின்பண்டத்தை நினைத்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், வடிவமும் பொருத்தமானதுதான்.)

ஏன் முறுக்கப்படுகிறது? நாம் அழுத்தும் விசை சுருளின் நடு அச்சு வழியாகக் கீழ்நோக்கிச் செயல்படுகிறது. ஆனால் அந்த அச்சில் கம்பி இல்லை. அச்சிலிருந்து ஓர் ஆரத் தொலைவு தள்ளி, சுற்றிக்கொண்டு போகிறது. ஸ்பேனரின் கைப்பிடி முனையில் அழுத்தினால் மறுமுனையில் உள்ள நட்டு திரும்புகிறது அல்லவா? அதைப் போலவே சுருளின் ஆரம் இங்கே ஸ்பேனரின் கையாகிறது. கம்பியின் ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் விசையை ஆரத்தால் பெருக்கிய அளவுக்கு ஒரு திருப்புவிசை விழுகிறது. கம்பியின் எந்த இடத்தை எடுத்தாலும் அச்சிலிருந்து தொலைவு ஒன்றே. ஆகவே எல்லா இடத்திலும் முறுக்கமும் ஒன்றே. கம்பியின் ஒவ்வொரு துண்டும் சம பங்கு வேலை செய்கிறது.

ரிப்பன் சோதனை

இதைச் சொன்னால் மாணவர்கள் நம்புவதில்லை, காட்டினால் நம்புகிறார்கள். மாணவியர் சடையில் கட்டும் ரிப்பன் ஒன்று போதும். ரிப்பனைத் தட்டையாக, முறுக்கில்லாமல், ஒரு பென்சில் மீது 5 சுற்று சுற்றுங்கள். பென்சிலை மெதுவாக உருவி எடுங்கள். இப்போது ரிப்பனின் இரு முனைகளையும், கைக்குள் திரும்பிவிடாதபடி இறுகப் பிடித்து, எதிரெதிராக இழுங்கள்.

சுருள் மறைந்து ரிப்பன் நேராகும். ஆனால் அதில் 5 முழு முறுக்குகள் இருக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, முனையைப் பிடித்து அப்படியே இழுத்தால் அது முறுக்கிக்கொண்டு மல்லுக்கு நிற்பதும் இதனால்தான். சுருளை நீட்டுவது என்றாலே கம்பியை முறுக்குவதுதான். அழுத்துவது என்றால் அதே கம்பியை எதிர்த்திசையில் முறுக்குவது. பேனா ஸ்பிரிங்கில் நாம் செய்வது அந்த இரண்டாவது வேலை.

ஒரு கணக்கு

இது எவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தருகிறது என்பதை எண்களில் பார்த்தால் வியப்பாக இருக்கும். 10 மி.மீ. விட்டமும் ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமும் கொண்ட எஃகுக் கம்பி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை நேராக நிறுத்தி, வளையாமல் பிடித்துக்கொண்டு, தலையில் 1000 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 100 கிலோ எடையை வைப்போம். எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 200 ஜிகா பாஸ்கல். கணக்கிட்டால் கம்பி குறுகுவது 0.1 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. கண்ணுக்கே தெரியாது.

இப்போது அதே கம்பியை 80 மி.மீ. சராசரி விட்டத்தில் 6 சுற்றுகளாகச் சுருட்டுவோம். அதே 1000 நியூட்டன் விசையை வைப்போம். ஆரம் 40 மி.மீ. என்பதால் கம்பியில் விழும் திருப்புவிசை 40 நியூட்டன் மீட்டர். எஃகின் விறைப்புக் குணகம் ஏறத்தாழ 80 ஜிகா பாஸ்கல். அந்த 1.5 மீட்டர் கம்பியும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சேர்த்து ஏறத்தாழ 44 பாகை முறுக்கப்படுகிறது. இது அரைச் சுற்றுகூட இல்லை, கால் சுற்றிலும் பாதிதான். ஆனால் இந்தக் கோணத்தை 40 மி.மீ. ஆரத்தால் பெருக்கினால் சுருள் ஏறத்தாழ 31 மி.மீ. தாழ்கிறது. அதே எஃகு, அதே எடை, 300 மடங்குக்கு மேல் அசைவு. எஃகை ரப்பராக மாற்றவில்லை. எஃகின் மிகச் சிறிய முறுக்கத்தைச் சுருளின் வடிவம் பெரிய அசைவாக மாற்றிக் காட்டுகிறது.

இதிலிருந்தே சுருள்வில் மாறிலியைத் தீர்மானிப்பவை எவை என்பதும் புரிந்துவிடும். கம்பியின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் சுருள்வில் 16 மடங்கு விறைப்பாகும். தடித்த கம்பியை முறுக்குவது அவ்வளவு கடினம். சுருளின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு 8இல் ஒரு பங்காகக் குறையும். ஏனெனில் ஆரம் மூன்று இடங்களில் வருகிறது: திருப்புவிசை கூடுகிறது, முறுக்கப்பட வேண்டிய கம்பியின் நீளம் கூடுகிறது, முறுக்கம் அசைவாக மாறும்போதும் ஆரம் பெருக்குகிறது. இரண்டை மூன்று முறை பெருக்கினால் எட்டு. சுற்றுகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் விறைப்பு பாதியாகும்.

பாதியாக வெட்டினால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை எந்த வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள். "ஒரு ஸ்பிரிங்கைச் சரிபாதியாக வெட்டினால், அந்தப் பாதி முன்பைவிட எளிதாக அழுந்துமா, கடினமாக அழுந்துமா?" பெரும்பாலோர் "பாதி ஸ்பிரிங், பாதி பலம், எளிதாக அழுந்தும்" என்பார்கள். ஆசிரியர் அறையில் கேட்டபோதும் அதே விடைதான் வந்தது.

10 சுற்றுள்ள சுருள்வில் மீது 1 கிலோ எடை வைத்தால் 10 மி.மீ. தாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றும் 1 மி.மீ. தாழ்கிறது. மேலே உள்ள சுற்றானாலும் கீழே உள்ள சுற்றானாலும் அதன் மீது முழு 1 கிலோ எடையும் இறங்குகிறது. தனக்குக் கீழே இன்னும் எத்தனை சுற்றுகள் உள்ளன என்பது ஒரு சுற்றுக்குத் தெரியாது. 5 சுற்றுகளாக வெட்டிய பிறகும் ஒவ்வொன்றும் அதே 1 மி.மீ. தாழும். மொத்தம் 5 மி.மீ. அதே எடைக்குப் பாதி அசைவு என்றால் விறைப்பு இரட்டிப்பு.

இது தேர்வுக்கான கேள்வி மட்டுமல்ல. வண்டி தாழ்வாக, அழகாக இருக்க வேண்டும் என்று ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கில் ஓரிரு சுற்றுகளை வெட்டிவிடும் இளைஞர்கள் உண்டு. ஸ்பிரிங் விறைத்துப்போகிறது, அது அழுந்துவதற்கான தூரமும் குறைகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி, அதிர்ச்சி நேராக வண்டிச் சட்டத்துக்கும் ஓட்டுபவரின் முதுகெலும்புக்கும் போகிறது. வெட்டிய முனை சமமாக உட்காராததால் ஸ்பிரிங் சாய்ந்து நகரவும் செய்யும். நம் வகுப்பில் இன்று உட்கார்ந்திருப்பவர்கள்தாம் நாளை அந்த வண்டியை ஓட்டப்போகிறவர்கள். காரணம் தெரிந்தவர்கள் வெட்டத் தயங்குவார்கள்.

சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் ஒரு தராசு

அழுத்தச் சுருள்வில்லை அளந்து பார்க்க நான் வகுப்பில் செய்யும் அமைப்பு இது. பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று, அதன் நிப்பிள், ஒரு சிறிய வாஷர், பேனா ஸ்பிரிங் இரண்டு, ஒரு மரப்பட்டை, சிறிய தண்ணீர் பாட்டில், ஒரு அளவுகோல் இவ்வளவுதான் தேவை.

மரப்பட்டையில் கம்பி தாராளமாக நுழையும் அளவுக்கு, ஆனால் ஸ்பிரிங் நுழையாத அளவுக்கு ஒரு துளை போடுங்கள். பட்டையை இரு பெஞ்சுகளுக்கு நடுவே பாலம் போல வையுங்கள். கம்பியின் மரை உள்ள முனையைத் துளை வழியாகக் கீழிருந்து மேலே நுழைத்து, அதன் மேல் ஸ்பிரிங், பிறகு வாஷர், பிறகு நிப்பிள் என்று பூட்டுங்கள். கீழே தொங்கும் வளைந்த முனையில் பாட்டிலைக் கட்டுங்கள். பாட்டில் கீழே இழுக்க, மேலே உள்ள ஸ்பிரிங் அழுந்தும். ஒவ்வொரு முறையும் 50 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். 50 மி.லி. என்றால் 50 கிராம், அதாவது ஏறத்தாழ அரை நியூட்டன். வாஷர் எவ்வளவு இறங்கியது என்று ஒவ்வொரு முறையும் அளந்து வரைபடத்தாளில் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டதும் கோடு நின்றுவிடும். அதற்கு மேல் அது சுருள்வில் அல்ல, வெறும் இரும்புக் குழாய்.

இந்த நேர்கோடுதான் ஹூக் விதி. இராபர்ட் ஹூக் 1676இல், தாம் கண்டறிந்த இவ்விதிக்கு வேறு யாரும் தமக்கு முன் உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்று, விதியின் லத்தீன் எழுத்துகளை அகரவரிசையில் கலைத்துப்போட்டு வெளியிட்டார். 1678இல்தான் விடையைச் சொன்னார். இந்தக் கதையைச் சொன்ன நாளில் மாணவர்கள் தங்கள் விதிகளையும் எழுத்து கலைத்து எழுதிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்து இரண்டாவது ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டி அதே சோதனையைச் செய்யுங்கள். ஒவ்வொரு 50 மி.லி.க்கும் இறக்கம் ஏறத்தாழ பாதியாகும். வெட்டுவதை ஆசிரியரே செய்ய வேண்டும், துண்டு தெறிக்காதபடி துணிக்குள் வைத்து வெட்ட வேண்டும். பேனா ஸ்பிரிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாகனங்களின் ஸ்பிரிங்குகள் அழுந்திய நிலையிலேயே பூட்டப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றிக்கொண்டுவரச் சொல்வது உயிருக்கே ஆபத்து.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கம்பி நடுவில் இல்லாமல் ஸ்பிரிங்கை மட்டும் விரலால் அழுத்தினால் அது பக்கவாட்டில் பிதுங்கி ஓடும். விட்டத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்குக்கு மேல் நீளமான அழுத்தச் சுருள்வில்கள் இப்படி நெளியக்கூடியவை. ஆகவே உள்ளே ஒரு கம்பியோ வெளியே ஒரு குழாயோ துணைக்கு வேண்டும். பேனாவில் ரீஃபில் அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

நம் ஊர் வழியே போகும் சுருள்வில்கள்

பேனாவில் தொடங்கிய பாடத்தை முடிக்கச் சிறந்த இடம் ரயில் நிலையம். சென்னைக்கும் காரைக்குடிக்கும் இடையே ஓடும் பல்லவன் விரைவு வண்டி புதுக்கோட்டை வழியாகத்தான் போகிறது. நடைமேடையில் நின்றபடி எதிர்த் தண்டவாளத்தில் நிற்கும் பெட்டியின் சக்கரப் பகுதியைப் பார்த்தால் விரல் அல்ல, மணிக்கட்டளவு தடிமனை நினைவூட்டும் கம்பியில் சுருட்டிய சுருள்வில்கள் தெரியும்.

சென்னை பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று பிரதமர் நேருவால் தொடங்கி வைக்கப்பட்டது. அங்கே சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் ஒத்துழைப்பில் உருவான பெட்டிகள் நாடு முழுவதும் ஓடின. 2018இல் அந்தப் பழைய வடிவத்தின் தயாரிப்பு நிறுத்தப்பட்டு, எல்.எச்.பி. வகைப் பெட்டிகளுக்குத் தொழிற்சாலை மாறியது. இரண்டு வகையிலும் பாரத்தைத் தாங்குபவை அழுத்தச் சுருள்வில்களே. இவற்றைத் தயாரிப்பதற்கென்றே குவாலியருக்கு அருகில் சித்தௌலியில் ரயில்வேக்கு ஒரு தொழிற்சாலை இருக்கிறது.

பழைய ஐ.சி.எஃப். பெட்டியின் இரு முனைகளிலும் நான்கு சக்கரங்கள் கொண்ட ஒவ்வொரு வண்டிச்சட்டம் இருக்கும். அதை போகி என்பார்கள். ஒரு போகியில் சக்கர அச்சின் முனை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீதம் 8 சுருள்வில்கள். அவை அருகருகே நின்று பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இது பக்க இணைப்பு. அவற்றின் மேல் போகியின் சட்டம். பெட்டியின் பாரம் அந்தச் சட்டத்துக்கு வந்து சேர்வது இன்னொரு தொகுதிச் சுருள்வில்கள் வழியாக. ஆகவே பெட்டியின் எடை முதலில் ஒரு தொகுதியையும் பிறகு மற்றொரு தொகுதியையும் கடந்துதான் தண்டவாளத்துக்குப் போகிறது. இது தொடரிணைப்பு. பதினொன்றாம் வகுப்பு அலைவுகள் பாடத்தில் நாம் கரும்பலகையில் வரையும் இரண்டு படங்களும் ஒரே பெட்டிக்கு அடியில் இருக்கின்றன.

சுருள்வில் மட்டும் இருந்தால் போதாது. ஒரு குலுக்கலில் வாங்கிய ஆற்றலை அது அப்படியே திருப்பித் தந்துவிடும். பெட்டி ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் சக்கர அச்சின் சுருள்வில்களுக்குள் எண்ணெய் நிரம்பிய உருளை ஒன்று இருக்கும். சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகும்போது ஆற்றல் வெப்பமாகிக் கழிகிறது. அதிர்வைத் தாங்குவது சுருள்வில், அடக்குவது எண்ணெய். இருசக்கர வாகனத்தின் ஷாக் அப்சார்பரிலும் இதே ஏற்பாடுதான்.

இத்தகைய சுருள்வில் உடைந்தால் அது பெரும்பாலும் கம்பியின் மேற்பரப்பில்தான் தொடங்கும். முறுக்கப்படும் கம்பியின் நடுவில் தகைவு இல்லை, மேற்பரப்பில் மிகுதி, அதிலும் சுருளின் உட்பக்கத்தில் மிக அதிகம். அங்கே ஒரு துருப்புள்ளியோ கீறலோ இருந்தால் இலட்சக்கணக்கான குலுக்கல்களில் அது விரிசலாக வளரும். அதனால்தான் தயாரிக்கும்போதே சிறு எஃகுக் குண்டுகளை மேற்பரப்பில் வேகமாக மோதவிட்டு உறுதியேற்றுகிறார்கள். கம்பி முறுக்கப்படுகிறது என்ற ஒரே செய்தி தெரிந்தால் இதுவும் தானாகவே விளங்கிவிடும்.

அந்த மாணவனுக்குச் சொன்னது

அடுத்த வாரம் ரிப்பனோடு வகுப்புக்குப் போனேன். "போன வாரம் இவன் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னதுதான் தவறு. இரும்பு ரப்பர் மாதிரி அழுந்தவில்லை" என்று தொடங்கி, அவனையே முன்னால் அழைத்து ரிப்பனை இழுக்கச் சொன்னேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப கம்பி முறுக்கிக்குதா டீச்சர்?" என்றான். பிறகு அவனாகவே, "அதான் எங்க அப்பா, துரு புடிச்ச ஸ்பிரிங்க மறுபடி போடாதேன்னு சொல்வாரு" என்று சேர்த்துக்கொண்டான்.

பட்டறையில் அவன் தினமும் பார்த்ததற்கும் பாடநூலில் இருந்ததற்கும் நடுவே நான் ஒரு வாரம் குறுக்கே நின்றிருக்கிறேன். "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் அந்த வாரத்தை மிச்சப்படுத்தியிருக்கும். இப்போதெல்லாம் அந்த வாக்கியத்தைத் தயங்காமல் சொல்கிறேன். உங்கள் மேசையிலும் எழுதாத பேனா ஒன்று கிடக்கும். அதைக் கழற்றி, ஸ்பிரிங்கை மாணவர் கையில் கொடுத்து, "விசை எங்கே போகிறது?" என்று நீங்களே முதலில் கேட்டுப் பாருங்கள்.